பாறைக்கு எப்படித் தெரியும்

எங்கள் தோட்டத்தில் பழைய போர்கள், அதாவது ஆழ்துளைக் கிணறுகள், மூன்று செத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் கல்லை வைத்து, மேலே சிமெண்டைப் பூசி மூடியிருக்கிறோம். வரப்போரத்தில் இருப்பது முதலாவது. கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மூன்றாவது. நடுவில், தென்னைகளுக்கு இடையில் ஒன்று இருக்கிறதே, அது என்னால் செத்தது. அப்படித்தான் ஊரில் பேச்சு.

என் பெயர் பொன்னழகு. தாடிக்கொம்புக்குப் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. வீட்டுக்காரர் கருப்புசாமி தென்னையும் மல்லிகையும் கொஞ்சம் காய்கறியும் வைத்துப் பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், புவனேஸ்வரி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த நடுப் போரைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

அப்போது புவனா நாலாம் வகுப்பு. திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்திருந்தது. இடம் பார்த்துக் கொடுத்தவர் அழகுராஜா. எங்கள் பக்கத்தில் நீரோட்டம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். எங்கே தேங்காய் எழுந்து நிற்கிறதோ அங்கே கீழே தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கு. நல்ல மனிதர்தான். யாரிடமும் பேராசையாகக் கேட்க மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

போர் போடும் இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. யார் எந்த நிலைமையில் இருப்பார்கள் என்று தெரியாதாம். தீட்டுப் பட்டால் நீரோட்டம் விலகிப் போய்விடுமாம். எனக்கும் அது தெரியும். ஆனால் வண்டிக்காரர்கள் விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள், கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் வேறு ஆளில்லை. காபித் தூக்கை நான் எடுத்துக்கொண்டேன், டம்ளர்க் கூடையைப் புவனா எடுத்துக்கொண்டாள். எட்ட நின்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு.

தண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து வெள்ளைப் புழுதிதான் பீய்ச்சியடித்தது. மத்தியானம் இதற்கு மேல் ஓட்டிப் பிரயோஜனமில்லை என்று வண்டியை நிறுத்தினார்கள். எல்லாருடைய தலையிலும் மீசையிலும் பாறை மாவு அப்பிக் கிடந்தது. அழகுராஜா தேங்காயைத் துண்டில் முடிந்துகொண்டே பொதுவாகக் கேட்டார்.

“வீட்ல பொம்பளையாளுக யாராச்சும் தூரமா இருந்தாகளா?”

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் அன்றைக்குத் தூரமாக இல்லை. தலைக்கு ஊற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் எதுவும் பேசவில்லை. அவர் எதற்குமே பேசாத மனிதர். ஆடு செத்தாலும் பேச மாட்டார், அறுவடை நன்றாக இருந்தாலும் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் பேசியிருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் புவனா கேட்டாள்.

“அம்மா, அம்புட்டு ஆழத்துல இருக்குற பாறைக்கு அது எப்படிம்மா தெரியும்?”

“வாய மூடிட்டு வா,” என்றேன்.

வாயை மூடிக்கொண்டுதான் வந்தாள். ஊர் என்னவோ என் தலையில் அந்தப் போரை எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. கல்யாண வீட்டில், களையெடுப்பில், பேச்சோடு பேச்சாக, “பொன்னழகு காபி கொண்டுக்கிட்டுப் போன அன்னைக்கு” என்று வரும். அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து மூன்றாவது போர் போட்டபோது நான் அடுப்படியை விட்டு நகரவேயில்லை. அதுவும் புழுதிதான். யாரோ செருப்புக் காலோடு வந்துவிட்டார்களாம். யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. பழையபடி கிணற்றுத் தண்ணீரை வைத்தே காலத்தை ஓட்டினோம்.

புவனா அந்தக் கேள்வியை விடவில்லை என்பது அவள் பிளஸ் டூ முடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நர்சிங் படி என்றார்கள், டீச்சர் வேலைக்குப் படி என்றார்கள். நிலவியல் படிக்கப் போகிறேன் என்றாள். என் கொழுந்தன் வெள்ளைச்சாமி சிரியோ சிரி என்று சிரித்தார்.

“கல்லப் படிக்கவா மதினி திருச்சிக்குப் போகுது? நம்ம காட்டுல இல்லாத கல்லா?”

என் வீட்டுக்காரர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “ஹாஸ்டல்ல தண்ணி நல்லாருக்கு,” என்றார். 

எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தாள். திண்டுக்கல்லில் நிலத்தடி நீர் பார்த்துச் சொல்கிற ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஒரு பெட்டி, நாலு இரும்புக் கம்பி, சுருள் சுருளாக ஒயர். கம்பிகளை மண்ணில் அடித்து, கரண்ட்டை உள்ளே விட்டு, அது எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்று அளப்பார்கள். ஈரம் இருந்தால் லேசாகப் போகும், வறண்ட பாறையென்றால் முரண்டு பிடிக்கும். போர் போடக் குறித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அவள் எனக்குச் சொன்னது அப்படித்தான். ஆயக்குடிக் கொய்யாத் தோப்பு, கீரனூர்க் காடு, வேடசந்தூர் மானாவாரி என்று வெயிலில் அலைந்து கறுத்துப் போனாள். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவள் ரொம்ப நாள் என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் நுழைகிறபோது வரப்பிலேயே நிறுத்திக் கேட்பார்களாம். பழனிப் பக்கம் கொஞ்சம் மரியாதையாக, “ஏனுங்கம்மிணி, நீங்க சுத்தமாத்தானுங்க இருக்கீங்க?” என்பார்கள். எங்கள் பக்கம், சுத்தமா என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். கூட வருகிற ராபினை யாரும் எதுவும் கேட்பதில்லை. ராபின் திண்டுக்கல் பையன், அவள் வயதுதான், அதே வேலை, அதே பெட்டி. முதல் மாதம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னாள். அப்புறம் “ஆமாங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டாளாம். மாதத்தில் எல்லா நாளும் “ஆமாங்க” தான்.

“பொய் சொன்ன நாள்ல பாத்த பாயிண்ட்லயும் தண்ணி வந்துருக்கும்மா,” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு வடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் எங்கள் கிணறு கைவிட்டுவிட்டது. மோட்டாரைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் காற்றை இழுக்கிறது. மல்லிகையைப் போனால் போகிறதென்று விட்டோம். தென்னையை அப்படி விட முடியுமா? குருத்து சாய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மகளிடம் சொன்னார்.

“தாயி, நம்ம தோட்டத்தையும் ஒருக்கா அளந்து பாரு.”

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான்தான் பார்த்தேன். ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ இடம் சொன்ன பிள்ளை, சொந்த ஊரில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. அழகுராஜா இருக்கிறபோது எதற்கு என்பார்கள். அப்பா தோட்டத்தில் அவள் பார்த்த பாயிண்டில் தண்ணீர் வந்தால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள். வராவிட்டால் அவள் இந்த ஊரில் என்றைக்கும் கல்லைப் படித்த பிள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமை ராபினோடு வந்தாள். காலை முழுக்கக் கம்பி அடித்தார்கள், பிடுங்கினார்கள், மறுபடி அடித்தார்கள். கடைசியில் கிழக்கு மூலையில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு தடவினாள். அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னாள்.

“இருக்குறதுல இதான் நல்ல எடம்ப்பா. ஆனா கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன். இது பாறைப் பூமி. வாய்ப்பு இருக்கு, அம்புட்டுத்தான்.”

அவர் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் டீக்கடையில் தம்பி வெள்ளைச்சாமி கேட்டதற்கு, “கெழக்கு மூலையில வருமாம்,” என்றாராம். அவள் சொன்னதில் பாதியை விட்டுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் பார்க்கிறவர் வரும் என்றுதான் சொல்வார். வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்கிற ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மறுநாளே ஊர் முழுக்க, கருப்புசாமி மகள் மிஷின் வைத்துப் பார்த்துக் கண்டிப்பாகத் தண்ணீர் என்று சொல்லிவிட்டதாகப் பேச்சு.

கறவை மாடு இரண்டையும் விற்றுத்தான் போர் வண்டியைக் கூப்பிட்டோம். அன்றைக்கு நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். புவனா வண்டிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறாள், அது அவள் வேலை. அவள் அங்கே நிற்கும்போது நான் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதா? காபித் தூக்கை எடுத்துக்கொண்டு நேராகக் கிழக்கு மூலைக்கே போனேன். வெள்ளைச்சாமி ஒரு பார்வை பார்த்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வண்டி இரைய ஆரம்பித்தது. முதலில் செம்மண், அப்புறம் மக்கின கல், அப்புறம் பாறை. ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் வெளியே வருகிற தூளை வண்டிக்காரர்கள் வரிசையாகக் குவித்து வைத்தார்கள். புவனா ஒவ்வொரு குவியலிலும் குனிந்து கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெயில் ஏற ஏற ஊரே வந்து நின்றது. அழகுராஜாவும் வந்து புளிய மரத்தடியில் நின்றார். அவர் முகத்தில் ஏளனம் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

ஒரு இடத்தில் தூள் நனைந்து வந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. என் வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.  புவனா மட்டும் அந்த ஈரத் தூளை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உருட்ட உருட்ட அவள் முகம் வாடியது. அடுத்த குழாயில் மறுபடி வெள்ளைப் புழுதி. அதற்கடுத்ததிலும் அதேதான். சாயங்காலம் வண்டிக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். இரைச்சல் நின்றது. அந்த அமைதியை நான் இதற்கு முன்னால் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், ஒரு முறை அங்கேயே நின்று, ஒரு முறை அடுப்படியிலிருந்து.

வெள்ளைச்சாமிதான் முதலில் பேசினார். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“ஏத்தா புவனா… பாயிண்டுல தப்பிருக்காது. நீ படிச்ச புள்ள. இங்கன நின்ன பொம்பளையாளுக யாராச்சும்… தூரமா இருந்தீகளா?”

என் கொழுந்தனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் என் மகளைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டார். அழகுராஜாவை இத்தனை வருஷமாக இந்தக் கேள்விதானே காப்பாற்றிக்கொண்டு வருகிறது. பாயிண்ட் சரிதான், தீட்டுப் பட்டுவிட்டது என்று ஆகிவிட்டால், அவள் படிப்புக்கு ஒரு பழுதும் இல்லை. நாளைக்கு அடுத்த தோட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பழியைச் சுமக்க ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான் தேவை.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. பழக்கமான வேலைதானே. இந்தத் தடவை குனியக்கூட இல்லை. சத்தமாகவே சொன்னேன்.

“நாந்தான். நான் தூரமா இருக்கேன்.”

எனக்கு அதெல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு அது தெரியும், மகளுக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, “அதான பாத்தேன்,” என்றார்கள். ஒன்றிரண்டு பேர் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட ஆரம்பித்தார்கள்.

“அம்மா, சும்மா இரு,” என்றாள் புவனா.

கையில் ஒட்டியிருந்த தூளைச் சுரிதாரில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.  

“அம்மா பொய் சொல்லுது சித்தப்பா. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் தூரமா இருக்கேன், இன்னைக்கு ரெண்டாம் நாளு. ஆனா அதுனால தண்ணி வராமப் போகல. நான் போட்ட பாயிண்டு தப்பு. கீழ ஒரு எடத்துல களிமண்ணு இருக்கு. களி ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிரும், தண்ணிய விடாது. என் மீட்டர்ல அதுவும் தண்ணி மாதிரிதான் காட்டும். நான் அதப் பிரிச்சுப் பாத்துருக்கணும். பாக்கல. தப்பு எம் மேலதான்.”

 எங்கள் மண்ணில் எத்தனையோ போர் பொய்த்திருக்கிறது. தப்பு என்னுடையது என்று ஒருத்தர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காலித் தூக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே எரிச்சலாக வருகிறது. தண்ணீர் வராததை ஊர் மறந்துவிட்டது, அவள் தப்பு என்று சொன்னதை மறக்கவில்லை. “அந்தப் புள்ளையே சொல்லிருச்சே” என்பதுதான் பேச்சு. பேச்சு அலுவலகம் வரைக்கும் போனது. இரண்டு தோட்டக்காரர்கள், அந்தப் பெண் வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று போன் செய்தார்களாம். மேனேஜர் அவளை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் அளந்துகொண்டு வருகிற கணக்கை உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை. அதற்கும் சம்பளம் குறையவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. சொந்தக்காரர்கள், பொம்பளைப் பிள்ளைக்கு இதுதானே நல்லது, வெயிலில் அலைய வேண்டாமே என்றார்கள்.

“எனக்கு இதே போதும்மா,” என்றாள் அவளும்.

அந்தப் ‘போதும்’ தான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. முன்னெல்லாம் சாப்பிடும்போது அந்தப் பாறை, இந்தப் பாறை என்று என் காதைத் தின்பாள். இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். போர் போட்ட அன்றைக்கு ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பைகள் அடுப்படிப் பரண்மேல் அப்படியே கிடந்தன. மிளகாய்த் தூள் எடுக்கக் கையை விட்டால் அவைதான் தட்டுப்பட்டன. தூக்கிப் போடவும் எனக்கு மனசு வரவில்லை.

ஆவணி பிறந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராபின் வந்தான். புவனா உள்ளே தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்தை அளந்த அன்றைக்கு விட்டுப்போன இரண்டு உபரிக் கம்பியை வாங்கிப் போக வந்தேன் என்றான். கம்பியைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றான். மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

“அம்மா, எனக்கு இந்த ரெண்டு மாசத்துல ரெண்டு பாயிண்டு போச்சும்மா. ரெண்டும் சுத்தமா வறட்டு. ஆயக்குடியில ஒண்ணு, கீரனூர்ல ஒண்ணு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல. பாறைப் பூமி, நீங்க என்ன தம்பி செய்வீகன்னு சாப்பாடு போட்டு அனுப்புனாக. மறுநாளே மேனேஜர் அடுத்த எடத்துக்குப் போகச் சொல்லிட்டாரு.” டம்ளரைக் கீழே வைத்தான். “எனக்கு இந்தக் களிக் கணக்கு வராதும்மா. புவனாட்டதான் கேட்டுக்குவேன். இப்ப அது டைப் அடிச்சுக்கிட்டு இருக்கு. நான் போயி பாயிண்டு வச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கு.”

என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து மட்டை கிழித்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரிதான் இருந்தார். ராபின் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அரிவாளைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

“தாயி, இங்க வா.”

ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

“மழை முடியட்டும். தையில இன்னொரு போர் போடணும். எடம் பாரு.”

அவள் அப்படியே அவரைப் பார்த்தாள். “நானா? வேணாம்ப்பா. அழகுராஜா மாமாவக் கூப்பிடுங்க. இல்லாட்டி ராபினப் பாக்கச் சொல்றேன்.”

“அழகுராஜாவுக்கு மூணு குடுத்தேன்,” என்றார் அவர். “எம் புள்ளைக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கேன்.”

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. 

“இதுவும் வராமப் போச்சுன்னா என்னப்பா செய்வீங்க?” என்றாள் புவனா. “தென்னை பூராவும் போயிரும்.”

“போனாப் போகுது. வரலைன்னா ஏன் வரலைன்னு நீ சொல்லுவ. மூணு போர் போட்டும் எனக்கு ஒருத்தன் அதச் சொல்லல.” அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, தரையைப் பார்த்துச் சொன்னார். “இவ மேல பழியப் போட்டானுக. நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்.”

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து புவனா உள்ளே வந்தாள்.  ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பாலிதீன் பைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வரிசையாக வைத்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். ராத்திரிச் சோற்றுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் மறுபடி வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டாளாம். அவர் உடனே ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டக்காரர்கள் கேட்பார்களே என்று இழுத்திருக்கிறார். “எங்கப்பாவே மறுபடி என்கிட்டதான் பாக்கச் சொல்லிருக்காரு சார்,” என்று சொன்னாளாம்.  முதலில் ராபினுக்குத் துணையாக அனுப்பினார். கார்த்திகையில் தனியாகவே போக ஆரம்பித்தாள். இப்போது வரப்பில் நிறுத்திக் கேட்டால் “ஆமாங்க” சொல்வதில்லையாம். “அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லைங்க, வேணாம்னா நான் திரும்பிப் போயிர்றேன்,” என்கிறாளாம். சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கம்பியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

தை மாதம் எங்கள் தோட்டத்தை இரண்டு நாள் அளந்தாள். இந்தத் தடவை மேற்கே, ஓடைக்கரை ஓரமாகக் கல்லை நட்டாள். வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். டீக்கடையில் கேட்டவர்களுக்கு என் வீட்டுக்காரர், “வரலாம், வராமலும் போகலாமாம்,” என்று முழுசாகச் சொன்னார். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்டார்களாம். அவர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். வந்தது என்று சொன்னால், பார், தண்ணீர் வந்தது, அதனால் அந்த மனிதர் செய்தது சரி என்பீர்கள். வரவில்லை என்று சொன்னால், அப்போதே சொன்னோமே என்பீர்கள். அவர் மகளுக்கு இரண்டாவது போரைக் கொடுத்தபோது இரண்டில் எதுவும் அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்று காலை போர் வண்டி ஓடைக்கரையில் நின்றது. வெள்ளைச்சாமி வந்திருந்தார், அழகுராஜாவும் வந்திருந்தார். புவனா வண்டிக்காரரிடம் கையை நீட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் காபித் தூக்கை எடுத்துக்கொண்டு, செருப்புக் காலோடு வரப்பில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அழகுராஜா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார். வண்டி இரைய ஆரம்பித்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.